மக்னீசியம் பாஸ்பேட் சிமெண்ட்: இறுகும் நேரத்தையும் வலிமையையும் கட்டுக்குள் வைக்கும் முறை

போர்ட்லண்ட் சிமெண்ட்டில் பழகிய கை, மக்னீசியம் பாஸ்பேட் சிமெண்ட்டை முதன்முறை கலக்கும்போது பெரும்பாலும் வாளியையும் கரணையையும் சேர்த்தே பறிகொடுக்கிறது. தண்ணீர் ஊற்றிய ஐந்தாவது நிமிடத்தில் கலவை கல்லாகிவிடும். அதைப் பார்த்துப் பயந்தவர்கள் அடுத்த முறை தண்ணீரைக் கூட்டுவார்கள், அல்லது இறுகுவதைத் தாமதப்படுத்தும் வெங்காரத்தை (போராக்ஸ்) அள்ளிப் போடுவார்கள். அப்போது கலவை நிதானமாக இறுகும்; ஆனால் மூன்று மணி நேரத்தில் வந்திருக்க வேண்டிய வலிமை மறுநாள்கூட வந்து சேராது. இந்த இரண்டு தவறுகளுக்கும் நடுவே உள்ள வழியைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். சாலை, விமான ஓடுபாதை, தொழிற்சாலைத் தளம் போன்ற இடங்களில் விரைவான பழுதுபார்ப்புக்குப் பயன்படும் மக்னீசியம் பொட்டாசியம் பாஸ்பேட் சிமெண்ட்டையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

முதலில், உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். போர்ட்லண்ட் சிமெண்ட் நீருடன் வினைபுரிந்து மெல்ல இறுகுவது. இதுவோ அமிலமும் காரமும் மோதும் வினை. பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் நீரில் கரைந்து, பிஎச் நாலரைக்கு அருகில் உள்ள அமிலக் கரைசலைத் தருகிறது. அந்தக் கரைசல் மக்னீசியா எனப்படும் மக்னீசியம் ஆக்சைடு துகள்களின் மேற்பரப்பைக் கரைக்கிறது. வெளிவரும் மக்னீசியமும், பொட்டாசியமும், பாஸ்பேட்டும், ஆறு மூலக்கூறு நீரும் சேர்ந்து கே-ஸ்ட்ரூவைட் என்ற படிகமாக வளர்கின்றன. பொட்டாசியத்துக்குப் பதில் அம்மோனியம் இருந்தால் கிடைப்பது ஸ்ட்ரூவைட். சிறுநீரகக் கற்களில் ஒரு வகையும் அதுவே. முழுதும் கரையாமல் நடுவில் எஞ்சும் மக்னீசியாத் துகள்களைச் சுற்றி இப்படிகங்கள் பின்னிக்கொள்வதால்தான் வலிமை பிறக்கிறது. ஆகவே இறுகும் நேரத்தை நிர்ணயிப்பது ஒரே ஒரு வேகம்: மக்னீசியா எவ்வளவு விரைவாகக் கரைகிறது என்பது. வினை வெப்பத்தை உமிழ்கிறது, வெப்பம் கரைதலை விரைவுபடுத்துகிறது, விரைந்த கரைதல் இன்னும் வெப்பத்தைத் தருகிறது. இந்தச் சுழலை எந்த இடத்தில் பிடித்து நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்தே வலிமை தப்பிப் பிழைக்கும் அல்லது கெடும்.

வரிசை முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. மக்னீசியாவின் தரம் முதலில், பொருள்களின் வெப்பநிலை அடுத்து, வெங்காரம் கடைசியில். தண்ணீரை நேரத்தைச் சரிசெய்யும் கருவியாக ஒருபோதும் தொடக் கூடாது.

மக்னீசியாவைத் தேர்ந்தெடுத்தல்

மாக்னசைட் தாதுவை 700 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரை சுட்டால் கிடைப்பது மென்சூட்டு மக்னீசியா. அதில் நுண்துளைகள் அதிகம், மேற்பரப்பு அதிகம், வினைவேகமும் அதிகம். பாஸ்பேட்டுடன் அதைச் சேர்த்தால் கலக்கி முடிப்பதற்குள் கட்டிகட்டியாக உறைந்துவிடும். வெங்காரம் போன்ற தாமதப்படுத்தியை எவ்வளவு சேர்த்தாலும் பயனில்லை. 1400 அல்லது 1500 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் சுட்டால் துகள்கள் உருகியொட்டி, அடர்ந்து, சோம்பலாகிவிடும். உலைச் செங்கல் தொழிலில் டெட் பர்ண்ட் மாக்னசைட் என்றும், சுருக்கமாக டிபிஎம் என்றும் அழைக்கப்படுவது இதுவே. நமக்கு வேண்டியதும் இதுதான். சேலம் பகுதியில் வெள்ளைக்கல் என்று வழங்கும் மாக்னசைட் நெடுங்காலமாக வெட்டியெடுக்கப்பட்டுச் சுடப்பட்டுவந்திருப்பதால், தமிழ்நாட்டில் இப்பொருளைத் தேடுவோர் வெகுதூரம் போகத் தேவையில்லை. ஆனால் சேலத்துத் தாதுவில் சிலிக்கா கலந்திருப்பது வழக்கம். எனவே பையின் மேல் எழுதியிருப்பதை நம்பாமல், ஒவ்வொரு சரக்குக்கும் மக்னீசியம் ஆக்சைடு விழுக்காட்டைச் சோதனைச் சான்றிதழில் பார்த்துக்கொள்ள வேண்டும். கீழே வரும் கணக்கு முழுவதும் அந்த எண்ணை நம்பியே நிற்கிறது.

தூள் போதிய அளவு சுடப்பட்டதா என்பதைப் பட்டறையிலேயே அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. நூறு மில்லிலிட்டர் நீரில் 2.8 கிராம் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து, சில துளி பீனால்ப்தலீன் என்ற நிறங்காட்டியை விட்டு, அதில் 2 கிராம் மக்னீசியாவைக் கொட்டி இடைவிடாமல் கலக்கிக்கொண்டே கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். அமிலம் முழுதும் ஈடுசெய்யப்பட்டதும் கரைசல் இளஞ்சிவப்பாகும். ஒரு நிமிடத்துக்குள் நிறம் மாறினால் அது மென்சூட்டுத் தூள். நம் வேலைக்கு ஆகாது. நன்றாகச் சுட்ட டிபிஎம் 900 விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். இடைப்பட்ட எண் வந்தால் அந்தச் சரக்கைத் திருப்பி அனுப்புவது நல்லது. அதே சரக்கின் நுண்மை மாறினாலும் இந்த எண் மாறும் என்பதால், சுடுபதமும் அரைபதமும் சேர்ந்து தரும் விளைவை இச்சோதனை ஒரே எண்ணில் சொல்லிவிடுகிறது. இதே காரணத்தால், கலவை மிக விரைவாக இறுகும்போது சற்றுப் பருத்த மக்னீசியாவைக் கலந்துகொள்வதும் ஒரு வழிதான். முதல் ஒரு மணி நேர வலிமை கொஞ்சம் குறையும், பின்னாளைய வலிமை பெரிதாகப் பாதிக்கப்படாது.

பாஸ்பேட்டைப் பொறுத்தவரை, சொட்டுநீர்ப் பாசனத்துக்காக உரக்கடைகளில் 0-52-34 என்ற எண்ணுடன் விற்கப்படும் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட்டும் நாம் தேடும் பொருளும் ஒன்றே. 12-61-0 என்பது அம்மோனியம் உப்பு. அது நீரில் இன்னும் எளிதாகக் கரைவதால் இன்னும் விரைவாக இறுகும், கலக்கும்போது அம்மோனியா நெடியும் மூக்கைத் துளைக்கும். மூடிய இடங்களில் பொட்டாசியம் உப்பையே பயன்படுத்துங்கள். உப்பின் படிகங்கள் சர்க்கரைபோல் பருமனாக இருந்தால் அரைத்துச் சலித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கரையாத படிகங்கள் வெள்ளைப் புள்ளிகளாக உள்ளேயே தங்கி, பின்னாளில் ஈரம் பட்டதும் கரைந்து ஓட்டைகளாகும்.

விகிதக் கணக்கு

வேதிச் சமன்பாட்டின்படி ஒரு மோல் மக்னீசியாவுக்கு ஒரு மோல் பாஸ்பேட் போதும். நடைமுறையில் மக்னீசியாவை 4 முதல் 8 மோல் வரை வைக்கிறோம். மிகுதியாக இருப்பது வீணல்ல, படிகங்களுக்கு நடுவே நுண்ஜல்லியாக நின்று வலிமை தருகிறது. விகிதம் கூடினால் இறுகும் நேரம் குறையும். குறைந்தால் நேரம் கிடைக்கும். ஆனால் வினைபுரியாத பாஸ்பேட் எஞ்சி, மேற்பரப்பில் வெள்ளை உப்பாகப் பூத்து, நீரில் ஊறும்போது வலிமையைக் கெடுக்கும். நேரம் வேண்டும் என்பதற்காக 4-க்குக் கீழே இறங்குவது, கடன் வாங்கி விருந்து வைப்பதுபோல. நான் 6-இல் தொடங்கச் சொல்வேன்.

300 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் எடுத்துக்கொள்வோம். அதன் மூலக்கூறு நிறை 136.1 என்பதால் அது 2.2 மோல். ஆறு மடங்கு மக்னீசியா என்றால் 13.2 மோல், 40.3 நிறையால் பெருக்க 533 கிராம். நம் டிபிஎம்மில் மக்னீசியம் ஆக்சைடு 90 விழுக்காடு என்று கொண்டால், நிறுக்க வேண்டியது 592 கிராம். இரண்டும் சேர்ந்த பிணைப்பு மாவு 892 கிராம். இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், உங்கள் சான்றிதழில் உள்ள விழுக்காட்டைப் போட்டு மறுபடி கணக்கிடுங்கள். 80 விழுக்காட்டுச் சரக்கை 90 என்று நினைத்துக் கலப்பவர், தம்மை அறியாமலே விகிதத்தை 6-இலிருந்து 5.3-க்கு இறக்கிவிடுகிறார்.

நீரின் கணக்கும் பாஸ்பேட்டிலிருந்தே வரும். ஒரு மோல் பாஸ்பேட் முழுதும் படிகமாக 5 மோல் நீர் தேவை. அதாவது பாஸ்பேட்டின் எடையில் 0.66 பங்கு. மேற்சொன்ன கலவைக்கு அது 199 கிராம், மாவின் எடையில் 0.22. ஆனால் வலிமைக்கு நல்ல விளைவு தருவது பெரும்பாலும் 0.15 முதல் 0.18 வரை. அந்த நிலையில் பாஸ்பேட்டில் ஒரு பகுதி வினைபுரியாமல் தங்கினாலும், துளைகள் குறைந்து உடல் அடர்த்தியாக அமைகிறது. 0.22-ஐத் தாண்டிய நீர் வினைக்கும் தேவையில்லை; அது வெளியேறிய இடமெல்லாம் துளைகளாகும். 150 கிராமில், அதாவது 0.17-இல் தொடங்கலாம். வெங்காரத்தின் எடையில் கிட்டத்தட்ட 47 விழுக்காடு படிக நீர் என்பதையும் மறக்கக் கூடாது. 35 கிராம் வெங்காரம் சேர்த்தால் 16 கிராமுக்கு மேல் நீர் சொல்லாமலே உள்ளே வந்துவிடுகிறது. இவ்வளவு குறைந்த நீருள்ள கலவையில் அது சிறிய அளவல்ல; வெங்காரத்தைக் கூட்டியதும் வலிமை குறைந்தது என்று குறை சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

வெப்பநிலை

பல் மருத்துவர்கள் துத்தநாக பாஸ்பேட் சிமெண்ட்டைக் கலக்கும் முறையைக் கவனித்தவர்களுக்கு இப்பகுதி புதிதாக இராது. குளிர்ந்த கண்ணாடிப் பலகையில் திரவத்தை விட்டு, தூளைச் சிறுசிறு பங்காக, பலகையின் அகலம் முழுவதும் பரப்பிக் கலக்குவார்கள். ஒவ்வொரு பங்கும் தரும் வெப்பம் கண்ணாடியில் இறங்கிய பிறகே அடுத்த பங்கு. இதனால் நேரமும் கிடைக்கிறது. அதே திரவத்தில் அதிகத் தூளைச் சேர்க்க முடிவதால் வலிமையும் கூடுகிறது. நேரத்தையும் வலிமையையும் ஒருசேர உயர்த்தும் வழி குளிர்ச்சி ஒன்றுதான். மற்ற எல்லா வழிகளிலும் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குகிறோம்.

களத்தில் எல்லோரும் ஐஸ் தண்ணீரைத்தான் நினைப்பார்கள். அது சரியே, ஆனால் பாதி மட்டுமே. நம் கலவையில் மாவுக்குச் சமமாக 892 கிராம் மணலும் சேர்ந்தால், திடப்பொருள் 1784 கிராம், நீர் 150 கிராம். வெப்பக் கொள்ளளவைக் கணக்கிட்டால், நீரை 30 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்குக் குளிர்வித்தாலும் கலவை ஏறக்குறைய 7 டிகிரிதான் இறங்கும். திடப்பொருள்களை 10 டிகிரி குறைத்தாலே அதே 7 டிகிரி கிடைத்துவிடும். வெயிலில் அடுக்கிய மாவு மூட்டையும் தார்ச் சாலையோரம் கொட்டிய மணலும் எளிதாக 40 டிகிரியைத் தாண்டும். அவற்றை முதல்நாள் இரவே நிழலுக்குள் கொண்டுபோவது ஒரு பெட்டி ஐஸுக்குச் சமம். குளிர்வித்த மாவை மூடிய பையிலேயே வைத்திருக்க வேண்டும். திறந்து வைத்தால் காற்றின் ஈரம் அதன்மேல் பனித்துளியாகப் படிந்து கட்டிகளை உண்டாக்கும். ஐஸ் துண்டுகளை நேரே கலவையில் போடவே கூடாது.

கலவையின் பருமனும் வெப்பத்தைத் தீர்மானிக்கிறது. ஆய்வகத்தில் ஒரு கிண்ணத்தில் 15 நிமிடம் தாங்கிய அதே கலவை, 20 கிலோ வாளியில் அதைவிட வெகு சீக்கிரம் இறுகும், ஏனெனில் நடுவில் பிறக்கும் வெப்பம் வெளியேற வழியில்லை. ஆகவே சோதனைக் கலவையை, களத்தில் கலக்கப்போகும் அளவிலேயே ஒருமுறையேனும் செய்துபார்க்க வேண்டும். ஆழமான குழிகளை நிரப்பும்போது சுத்தமான சிறு கருங்கல் ஜல்லியைச் சேர்ப்பது செலவைக் குறைப்பதற்காக மட்டுமல்ல; அது வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது.

வெங்காரம்

பொற்கொல்லர் பயன்படுத்தும் அதே வெங்காரம்தான் இங்குத் தாமதப்படுத்தி. அது கரைசலின் பிஎச்சை உயர்த்துவதாலும், மக்னீசியாத் துகள்களின் மேல் போரான் கலந்த படலத்தை உண்டாக்குவதாலும் கரைதல் தாமதமாகிறது என்று விளக்குகிறார்கள். கேரம் பலகையில் தூவும் போரிக் பவுடரும் தாமதப்படுத்தும். ஆனால் அதன் அளவைக் கையாள்வது கடினம் என்பதால் வெங்காரத்தையே பரிந்துரைக்கிறேன். அளவை எப்போதும் மக்னீசியாவின் எடையை வைத்துச் சொல்ல வேண்டும். 4 விழுக்காட்டில் தொடங்கி இரண்டிரண்டாகக் கூட்டலாம். 25 டிகிரியில் தாமதப்படுத்தி இல்லாமல் சில நிமிடங்களில் இறுகும் கலவை, நல்ல டிபிஎம்மும் 6 முதல் 8 விழுக்காடு வெங்காரமும் இருந்தால் பெரும்பாலும் 10 முதல் 20 நிமிடம் வரை தாங்கும். 10 விழுக்காட்டுக்கு மேல் போனால் நேரம் கூடுவதைவிட ஆரம்ப வலிமை சரிவதே அதிகம். அந்த நிலை வந்தால் பிரச்சினை வெங்காரத்தில் இல்லை, மக்னீசியாவிலோ வெயிலிலோ இருக்கிறது. இனப்பெருக்க நலனுக்குத் தீங்கு செய்யக்கூடிய பொருள்களின் பட்டியலில் போரான் உப்புகளை ஐரோப்பிய நாடுகள் வைத்திருப்பதால், முகமூடியும் கையுறையும் இல்லாமல் இத்தூளை அள்ளக் கூடாது.

மணல், சாம்பல், கலக்கும் முறை

மணலில் சிப்பித் துண்டோ சுண்ணாம்புக்கல் துகளோ இருந்தால் அமிலப் பாஸ்பேட்டுடன் வினைபுரிந்து கரியமில வாயுவை விடும். கலவை தோசை மாவுபோல் பொங்கி, நுரைத்து, வலுவிழக்கும். ஒரு பிடி மணலில் நீர்த்த அமிலத்தை விட்டுப் பாருங்கள். சீறினால் அந்த மணல் வேண்டாம். கருங்கல்லை உடைத்த எம்-சாண்ட் பெரும்பாலும் பாதுகாப்பானது. பழைய கான்கிரீட் மேற்பரப்பில் காற்றால் கார்பனேட் ஆன படலமும் இதே சீறலைச் செய்து ஒட்டுதலைக் கெடுப்பதால், பழுதுபார்க்கும் இடத்தைச் சுரண்டிப் புதிய முகத்தை வெளிக்கொணர்ந்த பிறகே ஊற்ற வேண்டும்.

ஃப்ளை ஆஷ் எனப்படும் அனல்மின் நிலையச் சாம்பலை 20 முதல் 30 விழுக்காடு சேர்த்தால் கலவை வழுவழுப்பாகி, அதே இளக்கத்தைக் குறைந்த நீரில் பெற முடிகிறது. கூடவே வெப்பமும் தணிகிறது. ஆனால் எந்தச் சாம்பல் என்பதைப் பார்க்க வேண்டும். சுண்ணாம்பு குறைந்த நிலக்கரிச் சாம்பல் பொருந்தும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்பு மிகுதி. அது வினையைத் தூண்டி இறுகும் நேரத்தைக் குலைத்துவிடும். போர்ட்லண்ட் சிமெண்ட் ஒட்டியிருக்கும் கலவை இயந்திரமும் இதே கெடுதலைச் செய்யும். அதைக் கழுவாமல் பயன்படுத்திவிட்டு மாவைக் குறை சொல்லும் கொத்தனார்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

கலக்கும்போது நீரில் முதலில் பொடித்த வெங்காரத்தையும் பாஸ்பேட்டையும் போட்டு ஒரு நிமிடம் கலக்க வேண்டும். இரண்டும் முழுதாகக் கரையாது. அவ்வளவு நீர் அங்கே இல்லை. ஆனால் தாமதப்படுத்தி தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு மக்னீசியாவும் சாம்பலும், கடைசியில் மணல். உப்பு கரையும்போது வெப்பத்தை உறிஞ்சுவதால் வாளி முதலில் குளிரும். பிறகு மெல்ல வெதுவெதுப்பாகும். அந்த வெதுவெதுப்புதான் மணி அடிப்பது. அதற்குப் பிறகு கலக்கிக்கொண்டிருக்காமல் உடனே ஊற்றித் தட்டிச் சமப்படுத்த வேண்டும். இறுகத் தொடங்கிய கலவையில் தண்ணீர் தெளித்து மறுபடி இளக்கினால் பிறந்துகொண்டிருக்கும் படிகப் பின்னலை உடைக்கிறோம். அந்தக் கலவையைக் கொட்டிவிடுவதே சிக்கனம்.

சோதித்து உறுதிசெய்தல்

எவ்வளவு நேரம் வேண்டும் என்று முதலில் முடிவுசெய்யுங்கள். கலக்க 3, எடுத்துச்செல்ல 2, ஊற்றிச் சமப்படுத்த 7 நிமிடம் என்றால், 15 நிமிடத்தில் தொடக்க இறுக்கம் போதும். அரை மணி கேட்பது வலிமையை வீணடிப்பது. இறுக்கத்தை அளக்க, ஐஎஸ் 4031 என்ற இந்தியத் தரநிலையில் உள்ள விகாட் ஊசியையே பயன்படுத்தலாம். ஆனால் இந்தச் சிமெண்ட்டில் தொடக்க இறுக்கத்துக்கும் இறுதி இறுக்கத்துக்கும் இடையே சில நிமிடங்கள்தான் இருப்பதால், அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஊசியை இறக்க வேண்டும். அறையின் வெப்பநிலை, மாவின் வெப்பநிலை, நீரின் வெப்பநிலை மூன்றையும் எழுதாத அளவீடு எதற்கும் உதவாது.

வலிமைக்கு 70.6 மில்லிமீட்டர் கனசதுரங்களை வார்த்து, 1 மணி, 3 மணி, 1 நாள், 7 நாள், 28 நாள் ஆகியவற்றில் நொறுக்கிப் பாருங்கள். விரைவு இறுக்கப் பழுதுபார்ப்புப் பொருள்களுக்கான அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் சி 928 தரநிலை அதன் மிகக் கடுமையான வகைக்கு 3 மணி நேரத்தில் 21 மெகாபாஸ்கல் கேட்கிறது. சரியாக அமைந்த கலவை அதை எட்டிவிடும். எட்டாவிட்டால் முதலில் நீரையும், அடுத்து வெங்காரத்தையும் குறைத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

வார்த்த கனசதுரங்களைத் தண்ணீர்த் தொட்டியில் போடக் கூடாது. ஈரச் சாக்குப் போட்டுத் தண்ணீர் விடுவது நம் தொழிலில் கையில் ஊறிய பழக்கம். இங்கே அது எஞ்சிய பாஸ்பேட்டைக் கரைத்து வெளியேற்றிக் கேடு செய்யும். காற்றிலேயே விட்டுவிட வேண்டும். அதே சமயம், மழைபடும் இடத்துக்குப் போகும் கலவை என்றால், 7 நாள் காற்றில் இருந்த கனசதுரங்களில் ஒரு பாதியை 28 நாள் வரை நீரில் ஊறவைத்து, ஊறாதவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பது கட்டாயம். ஊறியவை வெகுவாகப் பின்தங்கினால் பாஸ்பேட் மிஞ்சிக் கிடக்கிறது என்று பொருள். மோல் விகிதத்தை அரை அரையாக உயர்த்தி, அதனால் இழக்கும் நிமிடங்களை வெங்காரத்தில் தேடாமல் மாவைக் குளிர்வித்து மீட்டுக்கொள்ளுங்கள். மாக்னசைட்டின் ஒவ்வொரு புதுச் சரக்குக்கும், சித்திரை வெயிலிலும் மார்கழிக் குளிரிலும், இந்தக் கணக்கை மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.